வராத 24 ஹெலிகாப்டர்கள்

2008 மே மாதக் கடைசியில் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் ஒரு விளம்பரம் வெளியானது. அதிபர் பதவிக்காக மேடைதோறும் ஒருவரையொருவர் விளாசிக்கொண்டிருந்த மூன்று பேர் அதில் சேர்ந்து கையெழுத்திட்டிருந்தார்கள்: ஜான் மெக்கெய்ன், ஹிலாரி கிளிண்டன், பராக் ஒபாமா. சூடானின் மேற்கே டார்ஃபூரில் ஐந்தாண்டுகளாக நடந்துவரும் இனப்படுகொலை முடிவுக்குக் கொண்டுவரப்பட வேண்டும் என்பது கோரிக்கை. அப்போதைய அதிபர் புஷ்ஷின் பதவிக்காலம் முடியட்டும் என்று கார்ட்டூமில் உள்ள சூடான் அரசு நாள் கடத்தினால் ஏமாந்துபோகும். 2009 ஜனவரி 20 அன்று எங்களில் யார் பதவியேற்றாலும் இந்த இலக்கை அசராத உறுதியோடு தொடர்வோம் என்பது வாக்குறுதி.

பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதுபவர் யாரிடமாவது இந்தத் தாளை நீட்டியிருந்தால், ஓட்டை எங்கே என்று ஒரு நிமிடத்தில் காட்டியிருப்பார். ‘கொண்டுவரப்பட வேண்டும்’ என்றால் கொண்டுவருபவர் யார்? ‘தொடர்வோம்’ என்றால் எதை வைத்துக்கொண்டு, எந்தத் தேதிவரை, யார் செலவில்? தாளில் இருக்கும் ஒரே தேதி, பதவியேற்கும் தேதி.

அதே மே மாதத்தில், ஐ.நா.வும் ஆப்பிரிக்க ஒன்றியமும் சேர்ந்து அமைத்த அமைதிப்படை டார்ஃபூரில் இயங்கத் தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. 2007 ஜூலை 31இல் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1769ஆம் தீர்மானத்தின்படி ஏறத்தாழ 26,000 பேர் இருக்க வேண்டிய படை. களத்தில் இருந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. டார்ஃபூரின் பரப்பு தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. தார்ச்சாலை அரிது. மழைக்காலத்தில் வறண்ட ஆறுகள் பெருக்கெடுத்தால் லாரி நகராது. எங்கோ ஒரு கிராமம் எரிகிறது என்று தகவல் வந்தால் அங்கே போய்ச்சேர ஒரே வழி வானம்தான். ஆகவே அந்தப் படை 24 ஹெலிகாப்டர்கள் கேட்டது: ஆட்களை ஏற்றிச்செல்ல 18, தாக்குதலைத் தடுக்க 6. பொதுச்செயலாளர் பான் கி மூன் நாடு நாடாகக் கேட்டுப் பார்த்தார். ஆயிரக்கணக்கில் ஹெலிகாப்டர் வைத்திருக்கும் வல்லரசுகள் ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. கடைசியில் 2010இல் ஐந்து ஹெலிகாப்டர்கள் வந்தன. கொடுத்த நாடு எத்தியோப்பியா.

விளம்பரத்தில் கையெழுத்திட்ட மூவரில் ஒருவர் அதிபரானார். இன்னொருவர் அவருடைய வெளியுறவு அமைச்சரானார். மூன்றாமவர் 2018இல் இறக்கும்வரை செனட்டில் செல்வாக்கோடு இருந்தார். மூவருமே சொன்னதைச் செய்யக்கூடிய இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். தோற்றுப்போனதால் செய்ய முடியவில்லை என்று சொல்ல அவர்களில் எவருக்கும் வழியில்லை.

வெளிநாட்டில் நடக்கும் இனப்படுகொலையை நிறுத்துவோம் என்று தலைவர்கள் சொல்வதை நாம் பொதுவாக எப்படி எடுத்துக்கொள்கிறோம்? நடந்தால் நல்லது, நடக்காவிட்டால் வெறும் பேச்சு, நட்டம் ஒன்றுமில்லை என்றுதான். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. கடந்த முப்பது ஆண்டுக் கணக்கைப் புரட்டினால் நட்டம் இருக்கிறது. அது வாக்குறுதி கொடுத்தவரின் பக்கத்தில் விழுவதில்லை. நம்பி அங்கேயே நின்றவரின் பக்கத்தில் விழுகிறது.

இந்த வாக்குறுதிகளுக்கு ஒரு வம்ச வரலாறு உண்டு. 1993 ஏப்ரல் 22 அன்று வாஷிங்டனில் யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்தை அதிபர் பில் கிளிண்டன் திறந்துவைத்தார். அவுஷ்விட்ஸில் இருந்து தப்பிய எழுத்தாளர் எலீ வீசல் மேடையிலேயே அதிபரின் பக்கம் திரும்பி, முன்னாள் யூகோஸ்லாவியாவுக்குப் போய்வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை, அங்கே ரத்தம் சிந்துவதை நிறுத்த ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டார். ஓராண்டு முடிவதற்குள் ருவாண்டா. 1994 ஏப்ரல் 6 இரவில் தொடங்கி நூறு நாளில் ஏறத்தாழ 8,00,000 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் டுட்சி இனத்தவர். கொலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு அவை அங்கிருந்த சுமார் 2,500 ஐ.நா. வீரர்களை 270ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. பிறகு மனம் மாறி, மே 17 அன்று 5,500 பேரை அனுப்பலாம் என்றது. அவர்களுக்காக 50 கவச வாகனங்களை வாடகைக்குத் தர அமெரிக்கா ஒப்புக்கொண்டது. வாடகை எவ்வளவு, ஏற்றிச்செல்லும் செலவு யாருடையது என்று பேரம் வாரக்கணக்கில் நீண்டது. வண்டிகள் வருவதற்குள் கொலை முடிந்துவிட்டது.

1998 மார்ச்சில் கிளிண்டன் கிகாலிக்குப் போனார். சில மணி நேரம் இருந்தார். விமான நிலையத்தை விட்டு வெளியே வரவில்லை. இனி இப்படி நடக்கவிடக் கூடாது என்று அங்கேயே பேசிவிட்டுத் திரும்பினார். அடுத்து வந்த ஜார்ஜ் புஷ், ருவாண்டாவின்போது அமெரிக்கா என்ன செய்தது என்ற அறிக்கையைப் படித்துவிட்டு, என் காலத்தில் இது நடக்காது என்று ஓரத்தில் எழுதிவைத்ததாகப் பதிவாகியிருக்கிறது. அவர் காலத்திலேயே, 2003 தொடக்கத்தில் டார்ஃபூர் பற்றிக்கொண்டது.

இங்கே ‘இனப்படுகொலை’ என்ற சொல்லின் கதையையும் சொல்ல வேண்டும். 1994 மே 1 அன்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆலோசனைக் குறிப்பு ஒன்று, அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில் கவனம் தேவை, பயன்படுத்தினால் உண்மையிலேயே ஏதாவது செய்யும் கட்டாயம் வந்துவிடலாம் என்று எச்சரித்தது. பத்திரிகையாளர் கூட்டங்களில் அதிகாரிகள் அந்தச் சொல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். 1948 டிசம்பர் 9இல் நிறைவேறிய இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையில் ‘தடுப்பது’ என்ற கடமை எழுதப்பட்டிருக்கிறதே என்ற பயம்.

பத்தாண்டில் அந்தப் பயம் தெளிந்துவிட்டது. 2004 ஜூலை 22 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை, டார்ஃபூரில் நடப்பது இனப்படுகொலைதான் என்று 422க்கு பூஜ்யம் என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேற்றியது. செப்டம்பர் 9 அன்று வெளியுறவு அமைச்சர் காலின் பவல் செனட் குழுவின் முன் அதையே சொன்னார். நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு அமெரிக்க அரசு இந்தச் சொல்லை வெளிப்படையாகச் சொன்னது வரலாற்றுச் சம்பவம் என்று எல்லோரும் எழுதினார்கள். அதே வாக்குமூலத்தில் பவல் இன்னொன்றும் சொன்னார்: இந்த முடிவால் நாங்கள் புதிதாக எதையும் செய்தாக வேண்டும் என்றில்லை. சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து 1994இல் வாயை மூடிக்கொண்டவர்கள், சொன்னாலும் ஒன்றும் ஆகாது என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு அந்தச் சொல்லே செயலுக்கு ஈடாகிவிட்டது. மொய் எழுதிவிட்டால் போதும், பந்தியில் உட்கார வேண்டியதில்லை என்கிற மாதிரி.

பவல் பேசி ஏழு மாதம் கழித்து, 2005 ஏப்ரலில், சூடானின் உளவுத்துறைத் தலைவர் சலா கோஷ் வாஷிங்டனுக்கு விமானத்தில் அழைத்துவரப்பட்டு சி.ஐ.ஏ. அதிகாரிகளோடு பேசினார். டார்ஃபூர் கொடுமைகளில் அவருக்குப் பங்குண்டு என்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களே குற்றம் சாட்டியிருந்தார்கள். ஆனால் அல் கொய்தா பற்றி அவரிடம் தகவல் இருந்தது. வாக்குறுதிக்கும் தேவைக்கும் இடையே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை கார்ட்டூம் அந்தப் பயணத்தில் தெரிந்துகொண்டது. கொலைகாரர்களும் வாக்குறுதிகளைப் படிக்கிறார்கள். நம்மைவிடக் கவனமாகவே படிக்கிறார்கள். 2009 மார்ச் 4 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அதிபர் ஒமர் அல் பஷீருக்குப் பிடியாணை பிறப்பித்ததும், அவர் 13 வெளிநாட்டு உதவி அமைப்புகளை நாட்டை விட்டு வெளியேற்றினார். விளம்பரத்தில் கையெழுத்திட்டவர் அதிபராகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த ஆண்டு ஜூனில் ஒபாமாவின் சூடான் தூதர், டார்ஃபூரில் இப்போது மிஞ்சியிருப்பது இனப்படுகொலையின் எச்சங்கள்தான் என்று கணக்கை முடித்தார். பஷீர் மேலும் பத்தாண்டு ஆண்டார். ஊர் ஊராகச் சுற்றினார். 2015 அக்டோபரில் இந்திய ஆப்பிரிக்க உச்சி மாநாட்டுக்கு டெல்லி வந்து விருந்துண்டு போனார். இந்தியா அந்த நீதிமன்றத்தில் உறுப்பினர் இல்லை என்பதால் சட்டப்படி குறையில்லை.

இனி, நம்பி நின்றவர்களின் கணக்கு. 1993 மார்ச்சில் பாஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரத்துக்குப் போன ஐ.நா. தளபதி, பிரெஞ்சு ஜெனரல் ஃபிலிப் மொரியோனை ஊர்ப் பெண்கள் போகவிடாமல் மறித்துக்கொண்டார்கள். நீங்கள் இனி ஐ.நா.வின் பாதுகாப்பில் இருக்கிறீர்கள், உங்களை ஒருபோதும் கைவிட மாட்டேன் என்று அவர் கூட்டத்திடம் சொன்னார். ஏப்ரல் 16 அன்று பாதுகாப்பு அவை அந்த ஊரைப் ‘பாதுகாப்புப் பகுதி’ என்று அறிவித்தது. உள்ளே இருந்தவர்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தம். சுற்றுப்புறக் கிராமத்து முஸ்லிம்கள் பாதுகாப்பைத் தேடி அங்கே குவிந்தார்கள். இப்படி அறிவிக்கப்பட்ட ஊர்களைக் காக்க 34,000 வீரர்கள் தேவை என்று பொதுச்செயலாளர் கணக்குக் கொடுத்தார். அவை 7,600 பேருக்கு ஒப்புதல் தந்தது. அறிவிப்பைக் குறைக்கவில்லை, ஆளைக் குறைத்தார்கள். 1995 ஜூலை 11 அன்று நகரம் விழுந்தபோது அங்கிருந்த டச்சு வீரர்கள் சில நூறு பேர்தான். அடுத்த சில நாட்களில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். முகாமுக்குள் தஞ்சம் புகுந்து வெளியே அனுப்பப்பட்ட 350 பேரின் சாவில் டச்சு அரசுக்குள்ள பொறுப்பு 10 சதவீதம் என்று 2019இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் கணக்கிட்டுச் சொன்னது.

கிகாலியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளி இருந்தது. பெல்ஜியம் வீரர்கள் அதில் முகாமிட்டிருந்ததால் ஏறத்தாழ 2,000 பேர் அங்கே ஓடிவந்தார்கள். 1994 ஏப்ரல் 11 அன்று வீரர்களுக்குக் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. கிளம்பினார்கள். அன்றைக்கே கொலைகாரர்கள் வந்தார்கள். ஐ.நா.வின் நீலத் தொப்பி அங்கே இல்லாமலே இருந்திருந்தால் அந்த 2,000 பேரும் ஒரே இடத்தில் கூடியிருக்க மாட்டார்கள்.

தமிழ் வாசகருக்கு இது வேற்றூர்க் கதையாகத் தோன்றாது. 2008 செப்டம்பரில் கிளிநொச்சியில் இருந்த ஐ.நா. பணியாளர்கள் வெளியேறியபோது அலுவலக வாசலில் மக்கள் திரண்டு, எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். 2009 ஜனவரியில் இலங்கை அரசு வன்னியில் தாக்குதல் தவிர்ப்பு வலயம் அறிவித்து மக்களை அங்கே போகச் சொன்னது. அந்த வலயங்களுக்குள்ளேயே எறிகணைகள் விழுந்ததையும், 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதையும் 2011இல் ஐ.நா. வல்லுநர் குழு எழுதியது. மக்களைக் காக்க ஐ.நா. அமைப்பு தவறியது என்று ஐ.நா.வே அமைத்த உள்ளக விசாரணைக் குழு 2012 நவம்பரில் ஒப்புக்கொண்டது. நடந்ததற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வடக்கு மாகாண சபை 2015இல் அதை இனப்படுகொலை என்றே தீர்மானித்தது. இங்கே நான் கவனிக்கச் சொல்வது வாக்குறுதிகளை மட்டும்.

போரின் கடைசிக் கட்டமான 2009 ஏப்ரல் இறுதியில் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் பிரசாரம். ஏப்ரல் 27 காலையில் முதல்வர் கருணாநிதி சென்னைக் கடற்கரையில் அண்ணா நினைவிடம் அருகே உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று கொழும்பு அறிவித்ததும், மதியத்துக்குள் முடித்துக்கொண்டார். எதிர்முகாமில் ஜெயலலிதா, தான் சொல்வதைக் கேட்கும் மத்திய அரசு அமைந்தால் இந்திய ராணுவத்தை அனுப்பித் தனி ஈழம் அமைத்துத் தருவேன் என்றார். மே 13 அன்று தமிழ்நாடு வாக்களித்தது. அதே நாள் வாஷிங்டனில் ஒபாமா, இரு தரப்பும் பொதுமக்களைக் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இடைப்பட்ட நாட்களில் முள்ளிவாய்க்காலின் தற்காலிக மருத்துவமனை மீதும் குண்டு விழுந்தது. மே 18க்குள் எல்லாம் முடிந்தது. மே 27 அன்று ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை இலங்கையைப் பாராட்டும் தொனியில் ஒரு தீர்மானத்தை 29 வாக்குகளில் நிறைவேற்றியது. அந்த 29இல் இந்தியாவின் வாக்கும் ஒன்று. பதுங்குகுழிக்குள் வானொலியைக் காதில் வைத்துக்கொண்டு இந்த அறிவிப்புகளைக் கேட்டவர்கள், இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம் என்று நினைத்திருந்தால் அதைப் பிழை என்று யார் சொல்ல முடியும்?

அப்படியானால் பெருங்கொலையை யாருமே நிறுத்தியதில்லையா? நிறுத்தியிருக்கிறார்கள். 1971 டிசம்பரில் இந்திய ராணுவம் கிழக்கு வங்கத்தில் 13 நாளில் முடித்தது. 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை கம்போடியத் தலைநகர் புனோம் பென்னுக்குள் புகுந்து கெமர் ரூஜ் ஆட்சியை விரட்டியது. 1994 ஜூலையில் ருவாண்டாவின் கொலைகாரர்களைத் துரத்தியது டுட்சிகளின் கிளர்ச்சிப் படை. மூவருமே உலகத்துக்கு அப்படி ஒரு சத்தியம் செய்துகொடுத்தவர்கள் இல்லை. இந்தியாவுக்கு ஒரு கோடி அகதிகளின் சுமையும் பாகிஸ்தான் பகையும். வியட்நாமுக்கு எல்லைத் தொல்லை. மூன்றாமவருக்குச் சொந்த இனத்தின் உயிர். மனிதாபிமானம் கலந்திருக்கலாம், ஆனால் வண்டியை நகர்த்தியது நலன். கம்போடியாவில் வியட்நாமுக்குப் பரிசாகக் கிடைத்தது பொருளாதாரத் தடை. விரட்டப்பட்ட கெமர் ரூஜ் தரப்பு அதன்பிறகும் பல ஆண்டுகள் ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

ஒருவேளை நல்லவர்கள் பதவிக்கு வந்தால்? அதையும் பார்த்தாகிவிட்டது. ருவாண்டாவில் அமெரிக்கா எப்படிக் கைகட்டி நின்றது என்பதை ஆவணங்களோடு தோண்டி எழுதிப் புலிட்சர் பரிசு பெற்றவர் சமந்தா பவர். அவரே ஒபாமாவின் வெள்ளை மாளிகையில் வேலைக்குச் சேர்ந்தார், ஐ.நா. தூதரானார், பைடன் காலத்தில் அமெரிக்க உதவி நிறுவனத்தின் தலைவரானார். 2011 ஆகஸ்டில் ஒபாமா, பெருங்கொலைகளைத் தடுப்பது நாட்டின் அடிப்படைப் பாதுகாப்பு நலன் என்று ஆணை வெளியிட்டார். 2012 ஏப்ரலில், கிளிண்டன் திறந்த அதே அருங்காட்சியகத்தில், கொடுமைத் தடுப்பு வாரியம் ஒன்றை அறிவித்தார். அன்றும் மேடையில் எலீ வீசல். அன்றும் அவர் சும்மா இருக்கவில்லை, சிரியாவின் அசாத் எப்படி இன்னும் பதவியில் இருக்கிறார் என்று கேட்டார். 2019 ஜனவரியில் டிரம்ப், வீசலின் பெயரிலேயே ஒரு தடுப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆணை, வாரியம், சட்டம் எல்லாம் வந்தன. சிரியா அதன்போக்கில் போனது.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2014 ஆகஸ்டில் ஈராக்கின் சிஞ்சார் மலையில் சிக்கிய யாசிதிச் சிறுபான்மையினருக்காக ஒபாமா விமானத்தில் உணவும் தண்ணீரும் போட்டார், குண்டும் வீசினார். மலையில் இருந்தவர்களில் மிகப்பலர் தப்பினார்கள். அங்கே வாக்குறுதியும் விமானமும் ஒரே இரவில் கிளம்பின. மலையை எட்டாதவர்களுக்கு அதுவும் தாமதம்தான்.

மீண்டும் டார்ஃபூர். 2007 ஏப்ரலில் செனட் குழுக் கூட்டத்தில் ஒருவர், இனியும் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை, நானாக இருந்தால் இப்போதே அமெரிக்கப் படையைப் பயன்படுத்துவேன், 2,500 வீரர்கள் போதும், நிலைமை தலைகீழாக மாறும் என்று கொதித்தார். ஆளும் ஆயுதமும் எண்ணிக்கையோடு சொன்ன அபூர்வமான வாக்குறுதி. சொன்னவர் ஜோ பைடன். பதினாலு ஆண்டில் அவர் அதிபரானார்.

2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படைக்கும் போர் மூண்டது. ஆர்.எஸ்.எஃப். வேறொன்றுமில்லை, 2003இல் டார்ஃபூர் கிராமங்களை எரித்த ஜன்ஜவீத் குதிரைப்படையின் சீருடை அணிந்த வாரிசு. சில வாரங்களில் மேற்கு டார்ஃபூரின் எல் ஜெனெய்னாவில் மசாலித் இனத்தவர் வேட்டையாடப்பட்டார்கள். அந்த ஒரு நகரத்தில் மட்டும் 10,000 முதல் 15,000 பேர் இறந்திருக்கலாம் என்பது ஐ.நா. வல்லுநர் குழு கொடுத்த மதிப்பீடு. அடுத்த குறி வடக்கு டார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரம் என்பது 2024 ஏப்ரலிலேயே எல்லோருக்கும் தெரியும். ஜூன் 13 அன்று பாதுகாப்பு அவை, முற்றுகையை நிறுத்து என்று ஆர்.எஸ்.எஃபுக்குக் கட்டளையிட்டு 2736ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆகஸ்டில் நகரத்தை ஒட்டிய ஸம்ஸம் அகதி முகாமில் பஞ்சம் உறுதியானது. பைடன் அரசு, ஆர்.எஸ்.எஃப். செய்வது இனப்படுகொலை என்று 2025 ஜனவரி 7 அன்று அறிவித்தது. அவர் பதவியில் இருக்க இன்னும் 13 நாள் பாக்கி இருந்தது.

ஆர்.எஸ்.எஃபுக்கு ஆயுதம் எங்கிருந்து வருகிறது? ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து வருகிறது என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்று ஐ.நா. வல்லுநர் குழு 2024 தொடக்கத்தில் எழுதியது. அமீரகம் மறுக்கிறது. அமீரகம் வாஷிங்டனின் நண்பன். நண்பன் என்று வந்துவிட்டால் வாக்குறுதி எப்படிக் குரல் இறங்கும் என்பதை காஸாவிலும் பார்த்தோம். 2024 ஜனவரி 26 அன்று சர்வதேச நீதிமன்றம் இனப்படுகொலை உடன்படிக்கையின் கீழ் இடைக்கால உத்தரவு போட்ட பிறகும், அமெரிக்க ஆயுதங்கள் இஸ்ரேலுக்குப் போய்க்கொண்டே இருந்தன. இறுதித் தீர்ப்பு இன்னும் வரவில்லை. சூடானும் அமீரகத்தின் மீது அதே நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2025 மே 5 அன்று வழக்குப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. காரணம், 2005இல் உடன்படிக்கையில் சேர்ந்தபோதே அமீரகம் ஒன்பதாம் பிரிவை ஏற்க மாட்டேன் என்று எழுதிக்கொடுத்திருந்தது. நீதிமன்றத்துக்கு இழுக்க வழிசெய்யும் பிரிவு அது. இந்தியாவும் அந்தப் பிரிவுக்கு ஒரு நிபந்தனை போட்டுத்தான் உடன்படிக்கையை ஏற்றிருக்கிறது என்பதை நாம் அடிக்கடி நினைப்பதில்லை. சத்தியம் செய்யும்போதே பின்வாசலைத் திறந்துவைப்பது ஒரு நாட்டின் தனிக்குணம் ஒன்றும் இல்லை.

‘தடுப்பது’ என்ற கடமை எப்போது தொடங்குகிறது என்பதில்கூடக் குழப்பம் கிடையாது. பாஸ்னியா வழக்கில் 2007 பிப்ரவரி 26 அன்று சர்வதேச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பெரும் ஆபத்து இருக்கிறது என்று ஒரு நாட்டுக்குத் தெரிந்த கணமே தொடங்குகிறது. வெற்றி பெற்றாக வேண்டும் என்றில்லை, தன் கைக்கு எட்டிய எல்லா வழியையும் பயன்படுத்தியிருக்க வேண்டும். பதவி முடிய 13 நாள் இருக்கும்போது தொடங்கும் கடமை இல்லை அது.

ஆகவே அடுத்த முறை ஒரு தலைவர், வாஷிங்டனிலோ டெல்லியிலோ சென்னையிலோ, எங்கோ நடக்கும் படுகொலையை நிறுத்தியே தீருவேன் என்று கர்ஜித்தால், கைதட்டும் முன் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘நிறுத்தப்பட வேண்டும்’ என்கிறாரா, ‘நிறுத்துகிறேன்’ என்கிறாரா? எத்தனை பேரை, எந்த வண்டியில், எந்த நாளுக்குள் அனுப்புவார்? கொலைக்கு ஆயுதம் கொடுக்கும் நாட்டின் பெயர் அவர் பேச்சில் வந்ததா, அந்த நாட்டோடு அவருக்கு என்ன வியாபாரம்? பதில் இல்லையென்றால் அதை வாக்குறுதி என்று யாருக்கும் பகிராதீர்கள். முக்கியமாக, அங்கே சிக்கியிருக்கும் உறவுக்காரருக்கு, பயப்படாதே, உதவி வருகிறது என்று செய்தி அனுப்பாதீர்கள். ஓடுவதற்கு அவருக்கு இருப்பது ஒரே ஒரு இரவாக இருக்கலாம்.

2025 அக்டோபர் 6 அன்று ஹேக் நகரில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் ஜன்ஜவீத் தளபதி அலி குஷைப் 27 குற்றங்களில் குற்றவாளி என்று தீர்ப்பானது. டார்ஃபூர் வழக்குகளில் ஒருவர் குற்றவாளி என்று முடிவானது அதுவே முதல் முறை. பாதுகாப்பு அவை டார்ஃபூரை அந்த நீதிமன்றத்திடம் ஒப்படைத்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இருபது நாள் கழித்து, அக்டோபர் 26 அன்று, எல் ஃபாஷர் ஆர்.எஸ்.எஃப். கையில் விழுந்தது. 2736ஆம் தீர்மானம் நிறைவேறி அன்றோடு சரியாக 500 நாள். நகரின் சவுதி மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் 460க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 24 ஹெலிகாப்டர் கேட்டு ஓய்ந்துபோன அமைதிப்படையின் தலைமையகம் இருந்ததும் இதே எல் ஃபாஷரில்தான். அதன் பணி 2020 டிசம்பர் 31 அன்று முடித்துவைக்கப்பட்டது.

நகரம் விழுவதற்கு முன் உள்ளே சிக்கியிருந்தவர்கள் ஏறத்தாழ 2,60,000 பேர் என்பது ஐ.நா. கணக்கு. பாதிப்பேர் குழந்தைகள். மேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் தவிலாவில் கூடாரம் போட்டு, தண்ணீர் வைத்து, மருத்துவர்கள் காத்திருந்தார்கள். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவானவர்களே வந்து சேர்ந்தார்கள்.